சிறு தட்டும் நிறைந்த பந்தியும்



இந்த வாரத் தியானத்திற்கு யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தையும் ரோமர் 14-ஆம் அதிகாரத்தையும் வாசித்துக்கொள்ளும்படி வேண்டுகிறேன். ஒன்று வனாந்தரத்தில் பெய்த மன்னாவைப் பற்றியது. மற்றொன்று, உண்பவனும் உண்ணாதவனும் ஒரே சபையில் எப்படி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்வது என்பதைப் பற்றியது. நான் இவ்வாரம் எழுதப்போவதும் சாப்பாட்டைப் பற்றியதே. உடற்பருமனுக்காக இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், அதற்குப் பின் ஒவ்வொரு சாப்பாட்டு வேளையிலும் எதிர்கொள்ளும் சிரமங்களைப் பற்றி எழுதுகிறேன்.

நான் அந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் இலையில் சோறு குறைந்ததைப் பார்த்தும், மரியாதை கருதிக் காரணம் கேளாதிருந்தவர்களும் உண்டு. அண்மையில் நம் சபைக் குடும்பங்களிலேயே இருவர், தங்கள் உறவினருக்கு இச்சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்திருக்கிறார் என்று சொல்லி என்னிடம் ஆலோசனை கேட்டார்கள். ஆகவே வெளிப்படையாக எழுதுவது நலமென்று எண்ணுகிறேன்.

சிகிச்சைக்கு முன் என் எடை 124 கிலோ. 16 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருந்தது. நாளுக்கு மூன்று வேளை இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டேன். இரவில் மூச்சு அடைத்து விழித்துக்கொள்வேன். முழங்கால் வலியால் பிரசங்க பீடத்தின் இரண்டு படிகளில் ஏறுவதே பெரும்பாடாயிற்று. 2022-ஆம் ஆண்டில், மருத்துவர்களுடைய அறிவுரையின்படியும் குடும்பத்தாருடைய ஜெபத்தோடும் இந்த அறுவைக்கு உட்பட்டேன். இன்றைக்கு எடை 86 கிலோ. இன்சுலின் நின்றுவிட்டது. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களுக்கு நடந்துபோய் ஜெபித்துவிட்டு வர முடிகிறது. இதற்காகத் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். ஆனால், இந்த நன்மைகளுக்கு நடுவே, உண்பது என்ற எளிய காரியத்தை ஐம்பது வயதுக்கு மேல் நான் முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சிகிச்சை இன்னதென்று சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் பெருவழக்காக இரண்டு முறைகள் உள்ளன. ஒன்றில் இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை, நீக்கிவிட்டு வாழைப்பழ வடிவில் ஒரு குழாயாக மீதியை விட்டுவைக்கிறார்கள். மற்றொன்றில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி மட்டுமே கொள்ளும் ஒரு சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் சற்றுக் கீழான பகுதியோடு நேரடியாக இணைத்துவிடுகிறார்கள். எனக்குச் செய்தது இந்த இரண்டாவது முறை. 30 மில்லி என்பது இரண்டு மேசைக்கரண்டி அளவு. நாளடைவில் அந்தப் பை சற்று விரியும். என்றாலும் பழைய இரைப்பையாக ஒருபோதும் ஆகாது.

இம்முறை நேற்று வந்ததன்று. 1966-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் என்னும் அறுவை மருத்துவர் இதைத் தொடங்கினார். வயிற்றுப்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தவர்கள் பின்பு எடை கூடாமல் மெலிந்தே இருப்பது, இந்த எண்ணத்துக்கு வழிகாட்டியது. நம் ஊர்ப் பெரியவர்களில் அந்நாளில் ‘அல்சர் ஆபரேஷன்’ செய்துகொண்டவர்களை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பந்தியில் பாதியில் எழுந்துபோய்த் திண்ணையில் படுத்துக்கொள்வார்கள். இரைப்பைப் புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இதே நிலைதான். ஆகவே இன்று நான் சொல்லுகிறவை அவர்களுக்கும் பொருந்தும்.

முதல் இரண்டு வாரங்கள் நீர் ஆகாரம் மட்டும். அதன்பின் மசித்த உணவு. அதன்பின் குழைவான உணவு. திட உணவுக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆயின. ஒரு கவளத்தை இருபது, முப்பது முறை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் சென்ற பிறகுதான் குடிக்க வேண்டும், அதுவும் மிடறு மிடறாக. இத்தனையும் கவனித்து உண்டாலும், சில நாள்களில் நான்காவது கவளம் நெஞ்சுக்குழியில் நின்றுவிடும். கீழே இறங்காது, மேலேயும் வராது. வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறும். நெற்றி வியர்க்கும். எழுந்து பின்பக்கம் போய்க் குனிந்து நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. குழைந்த சோறும் சப்பாத்தியும் ஆட்டிறைச்சியும் எனக்கு இப்படி அடைத்துக்கொண்டன. மீன் எளிதாக இறங்கியது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம்முடைய சீஷர்களுக்கு முன்பாக ஒரு துண்டு மீனை வாங்கிப் புசித்துக் காட்டியதை அந்நாள்களில் நான் வேறொரு நன்றியோடு வாசித்தேன். மரணத்தின் வழியாய்ப் போய்வந்த சரீரம் முதலில் ஒரு சிறு துண்டை உண்டது.

இனிப்பில் இன்னொரு தொல்லை உண்டு. சர்க்கரை கலந்த பண்டம், சிறு பையில் தங்காமல் விரைந்து குடலுக்குள் இறங்கிவிடும். கால்மணி நேரத்துக்குள் இதயம் படபடக்கும், வியர்வை கொட்டும், வயிறு கலங்கும், தலை சுற்றும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரும். மருத்துவர்கள் இதை ‘டம்பிங்’ என்கிறார்கள். பாயசம் வழங்கும் வீட்டில் ஒருவர் வேண்டாமென்று சொன்னால், அதைப் பத்தியம் என்றோ பாவனை என்றோ எண்ணிவிடாதேயுங்கள்.

நம் சின்னசேலத்துக்கென்றே ஒன்று சொல்லவேண்டும். குச்சிக்கிழங்கு விளையும் பூமி இது. சேகோ ஆலைகளின் வாசம் நமக்குப் பழகியது. எந்த நோயாளிக்கும் நாம் முதலில் காய்ச்சிக் கொடுப்பது ஜவ்வரிசிக் கஞ்சி. அன்போடு கொடுக்கிறோம். ஆனால் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து, அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். நாளெல்லாம் சேர்த்து ஒரு சிறு கிண்ண அளவே உண்ண முடிகிற ஒருவருக்கு, அந்தக் கிண்ணத்தில் முதலில் புரதம் இருக்க வேண்டும். நாளொன்றுக்கு குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான அளவு. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் உண்டு. ஆகவே பாசிப்பருப்பு, தயிர், முட்டை, மீன், சுண்டல் மசியல் என்று சிறுகச் சிறுக ஆறு வேளை உண்ணவேண்டியிருக்கிறது. இதற்கு மேலாக இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் மாத்திரையாகவோ ஊசியாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கவேண்டும். மூன்றாம் மாதத்திலிருந்து தலைமயிர் உதிர்வது பலருக்கு வருகிறது, பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

இவையெல்லாம் உடலின் பாடுகள். இவற்றைவிட எனக்குக் கடினமாயிருந்தவை இரண்டு. ஒன்று என் வீட்டிலும், மற்றொன்று உங்கள் வீடுகளிலும் நேர்ந்தன.

என் மனைவி 28 ஆண்டுகளாக எனக்குச் சமைத்துப் போட்டவள். என் தாயாருக்குப் பின், என் பசியை முகத்தைப் பார்த்தே அறிந்தவள். சிகிச்சைக்குப் பின் ஒரு நாள் மதியம், அவள் வைத்த மீன் குழம்பில் மூன்று கரண்டிக்கு மேல் என்னால் உண்ண முடியவில்லை. கையில் அன்னக்கரண்டியோடு நின்றுகொண்டே, “என்னங்க, இன்னும் ஒரு வாயாவது வாங்கிக்கோங்களேன்” என்றாள். முடியவில்லை என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “இனிமே நான் யாருக்குங்க சமைக்கிறது?” என்று கேட்டாள். மருத்துவமனையில் எனக்குக் கொடுத்த ஆலோசனைத் தாள்களில் இந்தக் கேள்விக்கு விடை இல்லை. நோய் எனக்கு வந்தது, ஆனால் இழப்பு இருவருக்கும் நேர்ந்தது. அன்று மாலை எங்கள் மகள் சிறுவயதில் சாப்பிட்ட எவர்சில்வர் தட்டைப் பரணிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தாள். பெரிய தட்டின் நடுவில் மூன்று கரண்டி உணவு தனித்துக் கிடந்தால் பார்க்கச் சகிக்கவில்லையாம். சின்னத் தட்டில் அது நிறைந்திருந்தது. அந்நாள் முதல் நாங்கள் இருவரும் சேர்ந்தே உட்காருகிறோம். நான் என்னுடையதை மெதுவாக மென்று முடிப்பதற்குள் அவளும் தன்னுடையதை உண்டு முடிக்கிறாள். முன்பு எனக்குப் பரிமாறிவிட்டுப் பிறகுதான் உண்பாள். இப்பொழுது ஒரே வேளையில் உண்கிறோம்.

இனி உங்கள் வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். போதகர் ஜெபத்துக்கு வந்தால் சாப்பிடாமல் அனுப்புவது நம் வழக்கமில்லை. நம் மண்ணில் ஒரு வீட்டில் கை நனைக்க மறுப்பதற்கு வேறொரு பொருளும் உண்டென்பதை நாம் அனைவரும் அறிவோம். தலைமுறை தலைமுறையாகச் சிலருடைய வீட்டுத் தண்ணீரையும் சோற்றையும் வேறு சிலர் தொடாதிருந்த தேசம் இது. நான் குடும்ப ஜெபத்துக்குப் போன ஒரு வீட்டில், வயதான தாயார் ஒருவர் சோறும் கோழிக்குழம்பும் எனக்கென்று எடுத்துவைத்தார். நான் வேண்டாமென்று கைகுவித்தபோது அவர் முகம் மாறிவிட்டது. “ஐயா, நம்ம வீட்டுச் சாப்பாடு வேண்டாங்களா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குள் எத்தனை ஆண்டுகளின் காயம் இருந்ததென்பது எனக்குப் புரிந்தது. தரையில் அவரருகே உட்கார்ந்து, என் வயிற்றில் நடந்ததை எல்லாம் விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார். உள்ளே போய், பருப்புச் சட்டியிலிருந்து மேல்தெளிவை ஒரு சிறு தம்ளரில் ஊற்றி, உப்பிட்டு, ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதைக் குடித்தேன். “இது இறங்குதுங்களா ஐயா?” என்று கேட்டார். இறங்குகிறது அம்மா என்றேன். அவர் முகம் தெளிந்தது.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய அருள்திரு தியோபிலஸ் அப்பாவு அவர்களை, பரட்டை அண்ணன் என்று நம்மில் பலர் அறிவோம். 2005-இல் மறைந்தார். கிராமத்துப் பாட்டுகளின் வழியாக அவர் விடாமல் போதித்த ஒரு கருத்து, ஒரே உலை என்பது. ஒரே உலையில் பொங்கி எல்லாரும் கூடி உண்ணும்போது சாதிச் சுவர் இடிந்து விழுகிறது, அந்தப் பந்தியில் தேவனுடைய குடும்பம் உருவாகிறது என்பது அதன் சாரம். இறையியல் பயின்ற என் தலைமுறைப் போதகர்களுக்கு இந்தக் கருத்து ஆழமாகப் பதிந்தது. அப்படியானால், ஒரே உலைச் சோற்றைப் பிறரோடு சமமாக உண்ண முடியாதவன் அந்தக் குடும்பத்தில் எங்கே உட்காருவான்? சிகிச்சைக்குப் பின் நான் பலமுறை இதைத் தியானித்தேன்.

மன்னாவின் வரலாறு இதற்கு எனக்கு விடையாயிற்று. இஸ்ரவேலர் மன்னாவைச் சேர்க்கப் போனபோது சிலர் மிகுதியாகவும் சிலர் குறைவாகவும் சேர்த்தார்கள். அளந்து பார்த்தபோது, மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியுமில்லை, குறைவாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவுமில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் உண்ணும் அளவே கிடைத்திருந்தது. வானத்திலிருந்து பெய்தது ஒரே அப்பம், கூடாரங்கள்தோறும் உண்ட அளவு வேறு. யாருடைய அளவையும் மோசே குறைசொல்லவில்லை. மறுநாளுக்கென்று பதுக்கியதை மாத்திரமே கடிந்துகொண்டார். ஒரே உலை என்பதற்கு ஒரே அளவு என்று பொருளில்லை. அந்தத் தாயார் கொடுத்த ஒரு தம்ளர் பருப்புத் தெளிவும் அவர் வீட்டு உலையிலிருந்து வந்ததே. நான் அந்தப் பந்தியில் அமர்ந்தவனே.

இனி, நாம் ஒருவரையொருவர் நியாயந்தீர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. இச்சிகிச்சையைச் செய்துகொண்டவர்களைப் பற்றி இரண்டு விதமான பேச்சுகள் எழுகின்றன. “வாயைக் கட்டாமல் வயிற்றை வெட்டிக்கொண்டார்” என்பது ஒன்று. “ஜெபித்திருந்தால் தேவன் குறைத்திருக்கமாட்டாரா?” என்பது மற்றொன்று. பெருந்தீனியை வேதம் கண்டிக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பருத்த உடல் எல்லாம் பெருந்தீனியின் சாட்சியன்று. பரம்பரை, சுரப்பிகள், சில மருந்துகள், உறக்கக் குறைவு, மன அழுத்தம், மலிவாய்க் கிடைக்கும் மாவுப்பண்டங்கள் என்று காரணங்கள் பல. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு, பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலிருந்தே வருகிறது. அது ஒருவருடைய பக்தியின் அளவைப் பார்த்துச் சுரப்பதில்லை. நம் ஆசிய உடலமைப்பில் சற்றே குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய் வந்துவிடுகிறது. ஆகவே உடல் நிறை எண் 27.5-ஐத் தாண்டிய ஆசியர்களுக்கும் இச்சிகிச்சையை முன்வைக்கலாம் என்று 2022-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் கூறுகிறது. சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இது செய்யப்படுகிறது. எனவே நம் உறவுகளிலும் சபையிலும் இனி இப்படிப்பட்டவர்கள் பெருகுவார்கள். கண்புரைக்கு அறுவை செய்துகொண்டவரை நாம் அவிசுவாசி என்று சொல்வதில்லை. இவர்களையும் அப்படிச் சொல்லக் கூடாது. ரோமர் 14-இல் பவுல் வைத்த கட்டளை இரு பக்கமும் செல்கிறது. உண்பவன் உண்ணாதவனை அற்பமாய் எண்ணலாகாது, உண்ணாதவனும் உண்பவனைக் குற்றவாளியாய்த் தீர்க்கலாகாது. மெலிந்துபோன நாங்களும் பருத்திருப்பவர்களைப் பார்த்து உபதேசம் பண்ணும் உரிமை பெற்றவர்களல்லர்.

அடுத்து, மிகவும் அவசியமான ஒன்று. ஒரு நாள் இரவு வேறு ஊரிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் பேசினார். அறுவை முடிந்து ஐந்தாவது வாரம். இரண்டு வாரங்களாகத் தினமும் வாந்தி. “இது இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்ட எல்லாருக்கும் வர்றதுதானே ஐயா, நான் பொறுத்துக்கிறேன், ஜெபம் மட்டும் பண்ணுங்க” என்றார். எடை குறைவதில் வீட்டாருக்கு மகிழ்ச்சி, ஆகவே யாரும் கவலைப்படவில்லை. மேலும் விசாரித்தேன். இரண்டு நாள்களாகப் பார்க்கும் பொருள்கள் இரட்டையாகத் தெரிகின்றன, நடக்கும்போது தள்ளாடுகிறது என்றார். நான் ஜெபித்தேன். ஜெபத்தை முடித்தவுடன், விடியும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போகும்படி அவருடைய கணவரிடம் சொன்னேன். போனார்கள். தயமின் எனப்படும் வைட்டமின் பி1 குறைந்துபோயிருந்தது. ஊசிமூலம் அதைச் செலுத்தினார்கள். உணவு இறங்கும் வழி தழும்பால் சுருங்கியிருந்ததையும் கண்டு சரிசெய்தார்கள். தேவகிருபையால் நலமடைந்தார். காலம் தாழ்த்தியிருந்தால் மூளைக்கு நிரந்தரச் சேதம் நேர்ந்திருக்கும் என்று மருத்துவர்கள் சொன்னார்களாம்.

பிரியமானவர்களே, எப்பொழுதாவது ஒரு கவளம் அடைப்பது வேறு, ஓயாத வாந்தி வேறு. தண்ணீர்கூட இறங்காமை, நாள்தோறும் வாந்தி, கடும் வயிற்றுவலி, காய்ச்சல், பார்வை இரட்டிப்பது, தள்ளாட்டம், மனக்குழப்பம் ஆகியவற்றில் எதையும் சிலுவையென்று சொல்லிச் சுமக்கவேண்டாம். அறுவை செய்த மருத்துவரிடம் போக முடியாதபோது, சிறுவங்கூரில் உள்ள நம் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்காவது உடனே போங்கள். போனவுடன் இன்ன அறுவை செய்துகொண்டேன் என்று முதலில் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள் திருமணத்தை எண்ணி இதை மறைக்கிறார்கள். மறைப்பது உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவைக்குப் பின் ஓர் ஆண்டு முதல் ஒன்றரை ஆண்டுவரை கருத்தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும் என்பதால், கணவனாக வருகிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

உபவாசத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் இப்படிப்பட்டவர்கள் தண்ணீருமின்றி அமர வேண்டியதில்லை. சிறு பை உள்ளவர் விட்ட தண்ணீரை மாலையில் மொத்தமாய்க் குடித்து ஈடுகட்ட முடியாது. ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில் தேவன் தமக்குப் பிரியமான உபவாசம் எதுவென்று கேட்டு, பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதையே முன்வைக்கிறார். அந்த உபவாசத்தை இவர்கள் முழுமையாகவே கைக்கொள்ளலாம். மதுவைப் பற்றி நான் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கள்ளச்சாராயம் குடித்த துயரம் நம் மாவட்டத்தின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. இந்த அறுவை செய்துகொண்டவர்களுக்கு, சிறிதளவு மதுவும் மிக விரைவாக இரத்தத்தில் ஏறுகிறது. உணவில் கிடைத்த ஆறுதலை இழந்த சிலர், அதை மதுவில் தேடத் தொடங்குவதையும் மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அந்த ஆறுதலின் இடம் வெறுமையாய் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆம், உணவு ஓர் ஆறுதலாகவே இருந்தது. துக்க வீட்டிலிருந்து திரும்பிய இரவிலும், சபையில் மனவருத்தம் நேர்ந்த நாளிலும், ஒரு தட்டுச் சூடான சோறு மனதை ஆற்றியது. அந்தக் கதவு அடைபடும்போது சிலருக்கு மனச்சோர்வு மிகவும் அழுத்துகிறது. எலியாவை நினைத்துக்கொள்ளுங்கள். சூரைச்செடியின்கீழ்ச் சாவை விரும்பிப் படுத்திருந்தவனுக்குத் தூதன் ஒரு நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட ஓர் அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் வைத்தான். எலியா உண்டு குடித்துத் திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் அதற்காக அவனைக் கோபிக்கவில்லை. இரண்டாந்தரம் வந்து தட்டியெழுப்பி மீண்டும் கொடுத்தான். கொஞ்சம் உணவு, கொஞ்சம் உறக்கம், மறுபடியும் கொஞ்சம் உணவு. இந்தச் சிகிச்சைக்குப் பின்வரும் மாதங்களுக்கு இதைவிட ஏற்ற ஒழுங்கை நான் அறியேன். மனச்சோர்வு நீங்காதிருந்தால் மனநல மருத்துவரிடம் போவதும் தேவன் திறந்துவைத்த வழியே.

சபையாக நாம் செய்யக்கூடியவை எளியவை. அன்பின் விருந்தில் பெரிய இலைகளோடு சில சிறு தட்டுகளையும் வையுங்கள். வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ள விடுங்கள். “இன்னும் கொஞ்சம்” என்று ஒருமுறை கேட்பது உபசாரம். முடியாதென்று ஒருவர் சொன்ன பிறகும் இலையில் அள்ளி வைப்பது அவருக்குப் பாரம். கூட்டாஞ்சோற்றோடு ஒரு பாத்திரத்தில் பருப்போ தயிரோ தனியே இருக்கட்டும். ஒருவர் பந்தியிலிருந்து எழுந்துபோனால் எல்லாரும் திரும்பிப் பார்க்கவேண்டாம், வீட்டார் ஒருவர் பின்னே சென்றால் போதும். மெதுவாக உண்பவருக்கு முன்னே பந்தியைத் துடைக்கத் தொடங்காதேயுங்கள். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியபோது, கூடி உண்ண வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும்படி கட்டளையிட்டார். ஒரு சபை ஒன்றாய் இருக்கிறதா என்பதை அந்தக் காத்திருத்தலில் காணலாம்.

“எவ்வளவு குறைந்தீங்க?” என்று கேட்பதற்குப் பதிலாக “எப்படி இருக்கீங்க?” என்று கேளுங்கள். சிலருக்குச் சில ஆண்டுகளில் எடை ஓரளவு திரும்பக் கூடும். அப்பொழுது, பாராட்டிய அதே வாயால் இகழாதிருப்போமாக.

முதல் ஞாயிறுதோறும் நாம் கர்த்தருடைய பந்தியில் சேருகிறோம். அங்கே ஒருவருக்கும் வயிறு நிரம்பப் பரிமாறுவதில்லை. உழவருக்கும் ஆசிரியருக்கும், பருத்தவருக்கும் மெலிந்தவருக்கும், ஒரு சிறு துண்டு அப்பமும் ஒரு மிடறு ரசமுமே. அதற்குமேல் யாரும் கேட்பதில்லை, குறைந்ததென்று யாரும் முறையிடுவதுமில்லை. சிகிச்சைக்குப் பின் நான் முதன்முறையாக அப்பத்தைப் பிட்டபோது, மற்ற எந்தப் பந்தியிலும் நான் பெற முடியாத ஒன்றை அங்கே கண்டேன். என்னால் உண்ண முடிகிற அளவும் எல்லாரும் உண்கிற அளவும் அங்கே ஒன்றாயிருந்தன. உங்களில் எவருக்காவது அந்தத் துண்டும் பெரிதாயிருக்குமானால், என்னிடம் முன்னதாகச் சொல்லுங்கள். இன்னும் சிறிதாகப் பிட்டுத் தருவேன். அதிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார்.

ஜெபிப்போம். பரம பிதாவே, அன்றன்றுள்ள அப்பத்தை எங்களுக்குத் தருகிறவரே, அதிகம் உண்ணக்கூடியவர்களுக்காகவும் சிறிதே உண்ணக்கூடியவர்களுக்காகவும் உம்மைத் துதிக்கிறோம். உணவு வேளையை அச்சத்தோடு எதிர்நோக்குகிற உம்முடைய பிள்ளைகளைப் பலப்படுத்தும். அவர்களுக்காகச் சமைக்கிற கைகளையும் ஆறுதல்படுத்தும். எங்கள் பந்திகளில் ஒருவரும் வெட்கப்படாதபடி எங்களுக்கு இரக்கமுள்ள கண்களைத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் போதகர்,
சின்னசேலம்